அறுபத்திரண்டு வளைவுகள்

“என் கணக்குல எங்க தப்புன்னு மட்டும் சொல்லுங்க மேடம். வேற ஒண்ணும் வேண்டாம்.”

நாச்சிமுத்து நாற்பத்தாறு பக்க அறிக்கையை மேசைமேல் வைத்தார்.

மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவர் மெஹருன்னிசா. சேலத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் புள்ளியியல் பாடம் எடுப்பவர். வயது முப்பத்தாறு.

நாச்சிமுத்துவுக்கு ஐம்பத்து மூன்று. கோவையில் ஒரு எஞ்சின் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தெட்டு வருஷமாக இருக்கிறார். தன்னைவிடப் பதினேழு வயது சின்னவரிடம் கணக்கைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பது அவருக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் எண்களுக்குள் ஒளிந்துகொண்டிருக்கும் பிழையை இந்த அம்மா பிடித்துவிடுவார் என்று இரண்டு பேர் சொல்லியிருந்தார்கள். இரண்டு பேருமே யாரையும் லேசில் புகழாதவர்கள்.

“உக்காருங்க சார். எதைப் பத்தின கணக்கு?”

“டர்போங்க.”

“எனக்கு வண்டி ஓட்டவே தெரியாது. தெரியாதவங்களுக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க.”

சொன்னார்.

எஞ்சின் விடும் புகை சும்மாதானே வெளியே போகிறது. அந்தப் புகையின் வேகத்தில் ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழலவிட்டு, அதைக்கொண்டு வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணித்தால் இழுவை கூடும். அதுதான் டர்போ. பெரிய டர்போ நிறையக் காற்றைத் திணிக்கும். சின்ன டர்போ கொஞ்சம் குறைவாகத் திணிக்கும்.

வேங்கமலையில் ஆம்புலன்ஸ் ஓட்டும் அறக்கட்டளை ஒன்று புதிதாக மூன்று வண்டிகள் எடுத்தது. எந்த டர்போவை மாட்டுவது என்று நாச்சிமுத்துவைக் கேட்டது. அவர் இரண்டையும் பரிசோதனைக் கூடத்தில் ஓட்டிப் பார்த்தார். எஞ்சின் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுச் சுற்றுவதிலிருந்து நாலாயிரம் சுற்றுவரை, இருநூற்றைம்பதுக்கு ஒரு தரம் அளந்தார். பதின்மூன்று புள்ளிகள். புள்ளிகளைச் சேர்த்துக் கோடாக்கினார். கோட்டுக்குக் கீழே இருந்த பரப்பைக் கணக்கிட்டுச் சராசரி எடுத்தார்.

பெரிய டர்போவின் உச்சம் நூற்று நாற்பத்திரண்டு குதிரைத்திறன். சின்னதின் உச்சம் நூற்றுப் பதினெட்டு. சராசரியிலும் பெரியதுதான் முன்னால் நின்றது.

“பெருசையே போடுங்கன்னு எழுதிக் குடுத்தேங்க. மலை ஏற நாப்பத்து மூணு நிமிஷம் ஆகும்னும் எழுதினேன்.”

“எவ்வளவு ஆச்சு?”

“அம்பத்து நாலு. அதுக்கு முன்னாடி இருந்த ஓட்டை வண்டியே அம்பத்திரண்டுல ஏறிட்டு இருந்துச்சுங்க.”

அங்கே நிறுத்தியிருக்கலாம். அவரால் நிறுத்த முடியவில்லை.

“மார்ச் மாசம் மேல ஒருத்தர் மரத்துல இருந்து விழுந்துட்டார். மிளகு பறிக்க ஏறினவர். சடையன்னு பேரு. வண்டி போய் ஏத்திட்டு இறங்கறப்ப வழியிலயே உசிரு போயிருச்சு.”

மெஹருன்னிசா சிவப்புப் பேனாவை மூடி வைத்தார்.

“அறிக்கையை வெச்சுட்டுப் போங்க. வியாழக்கிழமை வாங்க.”

*

வியாழக்கிழமை அவர் போனபோது மணி மூன்று. மெஹருன்னிசா அப்போதுதான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருந்தார்.

“ரெண்டு தரம் போட்டுப் பாத்துட்டேன் சார்,” என்றார். “தப்பே இல்லை.”

நாச்சிமுத்து சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அறிக்கையை எடுத்துப் புரட்டினார்.

“எங்கயும் இல்லீங்களா?”

“பத்தொன்பதாம் பக்கத்துல ஒரு புள்ளி தள்ளி விழுந்திருக்கு. அச்சுப்பிழை. அதால ஒண்ணும் மாறல.”

“அப்ப வண்டி ஏன் மேடம் ஏற மாட்டேங்குது?”

மெஹருன்னிசா டப்பாவை மூடினார். கை கழுவிவிட்டு வந்து, ஒரு வெள்ளைத்தாளையும் பென்சிலையும் நாச்சிமுத்து முன்னால் வைத்தார்.

“மலையை வரைங்க.”

“மலையா?”

“வேங்கமலை. உங்க கணக்குல எப்படி இருக்கோ அப்படி.”

நாச்சிமுத்து வரைந்தார். தாளின் இடது கீழ்மூலையில் தொடங்கி வலது மேல்மூலையில் முடியும் ஒரு சாய்கோடு. இருபத்தாறு கிலோமீட்டர் தூரம், இவ்வளவு உயரம், ஆகவே இவ்வளவு சாய்வு. அறிக்கையின் முப்பத்தோராம் பக்கத்தில் இருந்ததும் இதே கோடுதான்.

“ஸ்கேல் இல்லாமலே நேரா வருது உங்களுக்கு.”

“பழக்கங்க.”

“இந்த ரோட்டுல வளைவு எத்தனை?”

“அறுபத்திரண்டு. எல்லாம் கொண்டை ஊசி வளைவு.”

மெஹருன்னிசா தாளை எடுத்துக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். எட்டப் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

“காணோமே.”

“சராசரிச் சாய்வு எடுத்துட்டேங்க. வளைவெல்லாம் அதுக்குள்ள அடங்கிரும்.”

“அடங்கினதை வெளிய எடுத்து வரைஞ்சுட்டு வாங்க,” என்று சொல்லிவிட்டு அவர் டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அன்று கோவை போகும் பஸ்ஸில் நாச்சிமுத்துவுக்குக் கோபம் கோபமாக வந்தது. ஒரு சூத்திரம் கிடைக்கும் என்று நினைத்துப் போனவர் அவர். சமன்பாட்டில் ஒரு உறுப்பைக் கூட்டச் சொல்வார், ஒன்றைக் கழிக்கச் சொல்வார் என்று எதிர்பார்த்தார். படம் வரையச் சொல்லி அனுப்பிவிட்டார்.

பவானி தாண்டும்போது இன்னொன்று தோன்றியது.

வேங்கமலைக்கு அவர் ஒரு தரம்கூடப் போனதில்லை.

*

மலை அடிவாரத்தில் அறக்கட்டளையின் வண்டிக் கொட்டகை இருந்தது. நாச்சிமுத்து ஒரு வண்டியைக் கேட்டார். அதோடு குழந்தைவேலையும் கேட்டார். சடையனை ஏற்றி வந்த டிரைவர் அவர்தான் என்று தெரியும்.

அறக்கட்டளைச் செயலாளர் தயங்கினார்.

“குழந்தைவேலை இப்ப ஓட்ட விடறதில்லீங்க சார். ஸ்பேர் பார்ட்ஸ் ரூம்ல போட்டிருக்கோம்.”

“ஏனுங்க?”

“நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க.”

ஏப்ரலில் அவர் ஒரு கடிதம் எழுதியது உண்மைதான். வண்டி ஏன் தாமதமாகிறது என்று கேட்டிருந்தார்கள். எஞ்சினில் குறை இல்லை; வளைவுகளில் ஓட்டுநர்கள் ஆக்சிலேட்டரை முழுதாக மிதிக்கத் தயங்குகிறார்கள்; அவர்களுக்குப் பயிற்சி தேவை என்று பதில் எழுதினார். மூன்றே வரி. எழுத ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

அந்த மூன்று வரியையும் சடையனின் சாவையும் சேர்த்துப் படித்திருக்கிறார்கள்.

குழந்தைவேல் கை துடைத்துக்கொண்டே வந்தார். நாற்பத்து நாலு வயது. பத்தொன்பது வருஷமாக அந்த மலையில் ஏறி இறங்குகிறவர். “வாங்க சார்,” என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நாச்சிமுத்துவுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

வண்டியில் ஒரு சின்னப் பெட்டியைப் பொருத்தினார். ஆக்சிலேட்டர் எவ்வளவு மிதிபடுகிறது, எஞ்சின் எத்தனை சுற்று, டர்போ எவ்வளவு காற்றை அமுக்குகிறது, மூன்றையும் அந்தப் பெட்டி விநாடிக்குப் பத்து தரம் எழுதிக்கொள்ளும்.

கிளம்பினார்கள்.

முதல் வளைவு. குழந்தைவேல் இரண்டாம் கியருக்கு இறக்கினார். வண்டி முனகித் திரும்பியது. வளைவு முடிகிற இடத்தில் மிதித்தார்.

நாச்சிமுத்து அவர் காலைப் பார்த்தார். ஆக்சிலேட்டர் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதற்குமேல் மிதிக்க இடமில்லை.

வண்டி போகவில்லை.

ஒன்று. இரண்டு. மூன்று.

அப்புறம்தான் யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளியதுபோல் பாய்ந்தது. பாய்ந்த வேகத்தில் கொஞ்ச தூரம் போனதும் அடுத்த வளைவு வந்துவிட்டது. குழந்தைவேல் காலை எடுத்தார்.

இரண்டாம் வளைவு. மிதித்தார்.

ஒன்று. இரண்டு. மூன்று.

எட்டாவது வளைவைத் தாண்டியதும் நாச்சிமுத்து கேட்டார்.

“எல்லா வளைவுலயும் இப்படித்தானா?”

“எல்லாப் பெண்டுலயும் இப்படித்தானுங்க. பெரிய சக்கரமுங்க, டர்போ வேகம் எடுக்கறதுக்குள்ள அடுத்த பெண்டு வந்துருது. மறுபடி மொதல்ல இருந்து.”

“இதை ஏங்க யார்கிட்டயும் சொல்லல?”

“சொன்னேனுங்க சார்.”

“யார்கிட்ட?”

குழந்தைவேல் ரோட்டைப் பார்த்தபடியே பதில் சொன்னார்.

“உங்ககிட்டத்தானுங்க. வண்டி வந்த புதுசுல போன்ல கேட்டீங்க. மிதிச்சா வண்டி யோசிக்குதுங்கன்னு சொன்னேன். எஞ்சின் யோசிக்காதுப்பான்னு வெச்சுட்டீங்க.”

அப்படிச் சொன்னதாக நாச்சிமுத்துவுக்கு ஞாபகம் இல்லை. சொல்லியிருப்பார் என்பதில் சந்தேகமும் இல்லை.

மேலே போய்ச் சேர ஐம்பத்து நாலு நிமிஷம் ஆயிற்று. காற்று குளிர்ந்திருந்தது. குழந்தைவேல் டீ வாங்கிக் கொடுத்தார். நாச்சிமுத்து டீயைக் கையில் வைத்துக்கொண்டு வந்த வழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு இடத்திலாவது நூறு அடிக்கு ரோடு நேராக இருக்கிறதா என்று தேடினார்.

இறங்கும்போது இருபத்து மூன்றாம் வளைவுக்குக் கொஞ்சம் மேலே குழந்தைவேல் வேகத்தைக் குறைத்தார்.

“இங்கதானுங்க.”

“என்ன?”

“சடையன். அந்த வெள்ளைக் கல்லைத் தாண்டறப்ப.”

நாச்சிமுத்து கல்லைப் பார்த்தார். நெடுஞ்சாலைத் துறை நட்ட சாதாரணக் கல். அதில் எண் எழுதியிருந்தது.

“வீட்டுல யார் இருக்காங்க?”

“சம்சாரமும் ரெண்டு பொம்பளப் புள்ளைங்களும். மேல பாறைக்காட்டுல. நான் மாசம் ஒருக்காப் போய்ப் பாத்துட்டு வருவேனுங்க.”

நாச்சிமுத்து மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

*

அடுத்த வாரம் நாலு தாள்களை ஒட்டிச் சேர்த்த படத்தோடு கல்லூரிக்குப் போனார். மெஹருன்னிசா அதை மேசையில் விரித்தார். மேசை போதவில்லை. ஒரு மூலையை நாச்சிமுத்து பிடித்துக்கொண்டார்.

அறுபத்திரண்டு வளைவுகளும் இருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அங்கே எஞ்சின் எத்தனை சுற்றுக்கு இறங்கியது, மிதித்த பிறகு எத்தனை விநாடி சும்மா இருந்தது என்று பென்சிலால் குறித்திருந்தார்.

மெஹருன்னிசா ஒவ்வொரு வளைவாக விரல் வைத்து மேலே போனார். அவசரப்படவில்லை. உச்சியை அடைந்ததும், “பரிசோதனைக் கூடத்துல இந்தச் சும்மா இருக்கற நேரம் ஏன் தெரியல?” என்றார்.

“அங்க ஒவ்வொரு அளவுக்கும் முப்பது விநாடி காத்திருப்போங்க. முள்ளு ஆடாம நின்னப்புறம்தான் எழுதுவோம். அதுதான் முறை.”

“நல்ல முறை.”

அவர் கேலி செய்கிறாரா என்று நாச்சிமுத்து முகத்தைப் பார்த்தார். இல்லை. உண்மையாகத்தான் சொன்னார்.

“பெட்டி எழுதினது எத்தனை வரி இருக்கு?”

“முப்பத்திரண்டாயிரத்து நானூறு.”

“என்ன பண்ணப் போறீங்க?”

“சராசரி எடுக்கலாம்னு.”

“எடுங்க. அதுக்கு முன்னாடி ஒவ்வொரு வரியையும் ஒரு கேள்வி கேளுங்க.”

“என்னன்னு?”

“நீ எங்க இருந்தேன்னு.”

மெஹருன்னிசாவுக்கு வகுப்பு இருந்தது. பக்கத்து அறை காலியாக இருந்தது. நாச்சிமுத்து அங்கே போய் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் பாடம் எடுக்கும் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. பெண்கள் சிரித்தார்கள். மணி அடித்தது. மறுபடி அடித்தது.

பழைய பதின்மூன்று புள்ளிகளையும் பதின்மூன்று கூடைகளாக வைத்துக்கொண்டார். ஒவ்வொரு வரியையும் எடுத்து, அந்த நொடியில் எஞ்சின் எத்தனை சுற்றில் இருந்ததோ அந்தக் கூடையில் போட்டார். லேப்டாப் போடுவதற்கு ஒரு நிமிஷம் ஆகவில்லை. போட்டு முடித்த பிறகு அதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார்.

நூற்று நாற்பத்திரண்டு குதிரைத்திறன் கிடைக்கும் மூவாயிரத்து ஐநூறு சுற்றுக் கூடையில் நூற்றுப் பத்து வரிகள் விழுந்திருந்தன. அதாவது பதினொரு விநாடி. ஐம்பத்து நாலு நிமிஷ ஏற்றத்தில் அந்த உச்சத்தில் வண்டி இருந்தது பதினொரு விநாடி.

இரண்டாயிரம் சுற்றுக்குக் கீழே முப்பத்தொன்பது நிமிஷம்.

மிதித்த காலோடு சும்மா காத்திருந்தது, வளைவுக்கு மூன்றரை விநாடிக்குக் கொஞ்சம் குறைவு. அறுபத்திரண்டால் பெருக்கினால் மூன்றரை நிமிஷம்.

பழைய கோட்டை எடுத்தார். ஒரு புள்ளியையும் நகர்த்தவில்லை. ஒவ்வொரு புள்ளியையும் அங்கே வண்டி இருந்த நேரத்தால் பெருக்கிக் கூட்டி, மொத்த நேரத்தால் வகுத்தார். பெரிய டர்போவுக்கு நாற்பத்தொன்று குதிரைத்திறன் வந்தது. சின்னதுக்கு ஐம்பத்து மூன்று.

மெஹருன்னிசா கையில் சாக்பீஸ் பொடியோடு வாசலில் வந்து நின்றார்.

“என்ன வந்துச்சு?”

“தலைகீழா வந்திருக்கு மேடம்.” திரையை அவர் பக்கம் திருப்பினார். “அதே கோடுதான். நேரத்தால பெருக்கினேன், அவ்வளவுதான்.”

“முதல் தடவை எதால பெருக்கியிருந்தீங்க?”

“முதல் தடவை பெருக்கவே இல்லீங்க. நேரா சராசரி.”

“பெருக்காம சராசரி வருமா சார்?”

நாச்சிமுத்து யோசித்தார். பதின்மூன்று புள்ளிகள். எல்லாவற்றையும் சமமாக வைத்துக் கூட்டி, பதின்மூன்றால் வகுப்பதுபோலத்தான் அந்தப் பரப்புக் கணக்கும்.

“எல்லாத்தையும் ஒண்ணால பெருக்கியிருக்கேன்,” என்றார் மெதுவாக.

“அந்த ஒண்ணை உங்களுக்கு யார் குடுத்தா?”

கேட்டுவிட்டு அவர் அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார்.

*

இரண்டாவது அறிக்கை ஒரே பக்கம்.

அறக்கட்டளைக் கூட்டத்தில் செயலாளர் அதைப் படித்துவிட்டு, “அப்ப முதல் அறிக்கை தப்புன்னு எழுதிக் குடுத்துருங்க சார்,” என்றார்.

“அதுல கணக்கு சரிதானுங்க.”

“கணக்கு சரின்னா தப்பு யார் மேல?”

“கணக்குப் போட்டவன் மேல.”

செயலாளருக்கு அதை எப்படி எழுதிக்கொள்வதென்று தெரியவில்லை. பேனாவைப் பிடித்தபடி இருந்தார்.

நாச்சிமுத்து டிரைவர்களைக் கூப்பிடச் சொன்னார். ஐந்து பேர் வந்து சுவரோரம் நின்றார்கள். கடைசியில் குழந்தைவேல். கையில் கிரீஸ்.

ஏப்ரலில் எழுதிய மூன்று வரிகளையும் நாச்சிமுத்து உரக்கப் படித்தார். படிக்கும்போது காது சுட்டது. அப்புறம் அந்தக் கடிதத்தின் அடியிலேயே கையால் எழுதினார்: இதை நான் மலைக்குப் போகாமல் எழுதினேன். ஓட்டுநர் குழந்தைவேல் ஆக்சிலேட்டரை முழுதாகத்தான் மிதித்தார். தாமதம் நான் தேர்ந்தெடுத்த டர்போவால் வந்தது.

கையெழுத்துப் போட்டுக் குழந்தைவேலிடம் நீட்டினார்.

குழந்தைவேல் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். இரண்டு தரம் படித்தார்.

“தேதி போடுங்க சார்,” என்றார்.

நாச்சிமுத்து தேதி போட்டார்.

மூன்று வண்டிகளிலும் டர்போவை மாற்ற இரண்டு வாரம் பிடித்தது. மாற்றிய முதல் வண்டியைக் குழந்தைவேல்தான் மேலே ஓட்டினார். போய்ச் சேர்ந்ததும் போன் செய்தார்.

“நாப்பத்தாறு நிமிஷமுங்க.”

“இப்ப மிதிச்சா எப்படி இருக்கு?”

“மிதிச்ச உடனே போகுதுங்க,” என்றார் குழந்தைவேல். போனை உடனே வைக்கவில்லை.

*

ஒரு மாதம் கழித்து, ஒரு மத்தியானம், நாச்சிமுத்து மறுபடி மெஹருன்னிசாவின் அறைக்கு வந்தார். தேர்வெல்லாம் முடிந்து மேசை காலியாக இருந்தது. கையில் ஒரு ஃபைல் வைத்திருந்தார்.

“நாப்பத்தாறு நிமிஷத்துல ஏறுதுங்க மேடம். மூணு வண்டியும்.”

“நல்லது.”

நாச்சிமுத்து கிளம்பவில்லை. ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“எட்டு நிமிஷம்,” என்றார் நாச்சிமுத்து கடைசியில். “அன்னைக்கே சின்ன டர்போவா இருந்திருந்தா எட்டு நிமிஷம் முன்னாடி போயிருக்கும். அந்தாள் பொழைச்சிருப்பாரா?”

“டாக்டர் என்ன சொன்னார்?”

“சொல்ல முடியாதுன்னுட்டார். அவங்க அப்படித்தான் சொல்வாங்க. நீங்க சொல்லலாமே. இந்த மாதிரி விழுந்தவங்க எத்தனை பேர், எவ்வளவு நேரத்துல ஆஸ்பத்திரி போனாங்க, எத்தனை பேர் பொழைச்சாங்கன்னு விவரம் எடுத்து வெச்சிருக்கேன். சடையனோட விவரமும் இருக்கு.” ஃபைலை மேசையில் வைத்தார். “எட்டு நிமிஷத்துக்கு எவ்வளவு வாய்ப்புன்னு ஒரு எண் சொல்லுங்க. அது போதும் எனக்கு.”

மெஹருன்னிசா ஃபைலைத் திறந்தார். பக்கம் பக்கமாகப் படித்தார். நாச்சிமுத்து எதையும் விடவில்லை. சடையனின் வயது, எடை, மரத்தின் உயரம், விழுந்த மணி, போன் வந்த மணி, வண்டி சேர்ந்த மணி, ஏற்றும்போது இருந்த ரத்த அழுத்தம், பத்து நிமிஷம் கழித்து இருந்த ரத்த அழுத்தம். எல்லாம் கட்டம் போட்டு எழுதியிருந்தது.

“போட்டுரலாம். பெரிய கணக்கு இல்லை,” என்றார். ஒரு தாளை எடுத்தார். பேனாவைத் திறந்தார்.

நாச்சிமுத்து நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

“அதுக்கு முன்னாடி ஒண்ணு சார். எந்த எண் வந்தா நீங்க இங்க இருந்து எழுந்து போவீங்க?”

நாச்சிமுத்து உடனே பதில் சொல்ல வாயெடுத்தார்.

சைபர் வந்தால், எட்டு நிமிஷத்தால் ஒன்றும் மாறியிருக்காது என்று அர்த்தம். அதை அவர் நம்பமாட்டார். இந்தக் கணக்கில் எங்கே தப்பு என்று தேட ஆரம்பித்துவிடுவார். நூறு வந்தால் எழுந்திருக்கவே முடியாது. முப்பது வந்தால், அது ஏன் இருபது இல்லை என்று இருக்கும். ஐந்து வந்தால், அந்த ஐந்தில் சடையன் இருந்திருப்பாரோ என்று இருக்கும். ஒவ்வொரு எண்ணாக மேலே போனார். எதிலும் நிற்க முடியவில்லை.

மெஹருன்னிசா திறந்த பேனாவோடு காத்திருந்தார்.

“தெரியலீங்க,” என்றார் நாச்சிமுத்து.

மெஹருன்னிசா தலையசைத்தார். ஃபைலின் முதல் பக்கத்துக்குத் திரும்பினார்.

“இவரோட சம்சாரம் பேர் என்ன சார்?”

நாச்சிமுத்து ஃபைலைத் தன் பக்கம் இழுத்தார். முதல் பக்கத்தைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். கடைசிவரை புரட்டினார். மறுபடி முதலிலிருந்து புரட்டத் தொடங்கிப் பாதியில் கை நின்றது.

மெஹருன்னிசா பேனாவை மூடிவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

“மூணு இருபதுக்கு வேங்கமலை அடிவாரத்துக்கு ஒரு பஸ் இருக்கு,” என்றார்.